டேஷ்போர்டில் பித்தளை அண்டா உரசிய வெள்ளைக் கீறல்: போக வழி இருக்கா?

கோட்டையூரான்:
வணக்கம். 2022 மாடல் ஹேட்ச்பேக். டேஷ்போர்டு மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி சந்தன நிறம். தொட்டா சொரசொரன்னு இருக்கிற கெட்டி பிளாஸ்டிக், அமுக்கினா அமுங்காது.

கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப காரைக்குடியிலேர்ந்து பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஏத்தினாங்க. பின் சீட்டு முழுக்கப் பலகார டின்னுங்கிறதால அண்டா முன் சீட்டுக்கு வந்திருச்சு. குன்றக்குடிப் பக்கம் ஆடு குறுக்கே வந்து பிரேக் போட்டதுல விளிம்பு போய் இடிச்சு உரசிருச்சு.

கிளவ் பாக்ஸ் மூடியில வெள்ளை வெள்ளையாக் கோடு. அதுக்கு மேல, ஏர்பேக்னு எழுத்து இருக்கே, அதை ஒட்டி லேசா ஒரு தேய்ப்பு. கீழே சந்தன நிறப் பக்கம் செருப்பு பட்ட கறுப்புத் தடம், அது வேற கதை. ஈரத் துணியால துடைச்சா வெள்ளை மறைஞ்சிருது, காஞ்சதும் பழையபடி வந்து நிக்குது.

அப்பச்சி, "ஆத்தங்குடிக் கல்லுக்குப் போடுற மாதிரி தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்டா"ங்கிறாங்க. பட்டறையில ஹீட் கன் (சூடான காத்து ஊதுற கருவி) காட்டலாம்ங்கிறாங்க. கூட்டாளி பற்பசைங்கிறான். யார் பேச்சைக் கேட்கிறது?

செக்காலை ரோடு:
பற்பசையை மட்டும் தொடாதீங்க. அது தேய்க்கிற பொருள். சொரசொரப்பான பிளாஸ்டிக்ல மேட்டைத் தேய்ச்சுட்டு, பள்ளத்துல போய் வெள்ளையா உக்காந்துக்கும். இருந்த வெள்ளையோட இன்னொரு வெள்ளை.

தேவகோட்டை வாட்டர்வாஷ்:
தம்பி, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. அந்த அடையாளம் பிளாஸ்டிக் மேல வந்து ஒட்டினதா, இல்ல பிளாஸ்டிக்கே தேய்ஞ்சு போனதா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற. கடைக்கு வர்ற காருல பாதிப் பேரு இதைப் பார்க்காமலே எதையோ போட்டுத் தேய்ச்சுக் கெடுத்துட்டுத்தான் வர்றாங்க.

நகத்தை லேசா ஓட்டிப் பாருங்க. நகம் வழுக்கிப் போய், தடம் மட்டும் மேலாப்புல தெரிஞ்சா ஒட்டினது: செருப்பு ரப்பர், பித்தளைக் கறை, பெட்டிச் சக்கரம். நகம் தடுக்கினாலோ, அந்த இடம் மட்டும் சொரசொரப்பு மாறி இருந்தாலோ, தேய்ஞ்சது.

உங்க வெள்ளைக் கோடு ரெண்டாவது வகை. காரணம் இது. இந்த மாதிரி கெட்டி டேஷ்போர்டு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் (பி.பி.)ங்கிற பிளாஸ்டிக். விறைப்பா நிக்கணும்னு அதுல டால்க் கலப்பாங்க, முகப்பவுடர்ல இருக்கே அதே கல் மாவு. கிளவ் பாக்ஸைக் கழட்டி முதுகுப் பக்கம் பாருங்க, பி.பி., டி.டி. 20 மாதிரி அச்சு இருக்கலாம். 20 சதவீதம் டால்க்னு அர்த்தம். மேல்தோல் கிழிஞ்சதும் உள்ள இருக்கிற அந்த மாவும், சின்னச் சின்ன வெடிப்பும் சேர்ந்து வெளிச்சத்தைச் சிதறடிக்குது. அதான் கறுப்பு பிளாஸ்டிக்ல வெள்ளையாத் தெரியுது. சாயம் எதுவும் போகலை.

ஈரத்துல மறையுறதும் அதனாலதான். தண்ணி பள்ளத்தை நிரப்பிருது, வெளிச்சம் சிதறாது. இது உங்களுக்கு நல்ல சகுனம். தண்ணியில மறையுற கீறல், சரியான டிரஸ்ஸிங் (பிளாஸ்டிக் மேல தடவுற பூச்சு) போட்டாலும் மறையும். தண்ணி மாதிரி உடனே காஞ்சு போகாது, அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணி போட்டும் தெரியுற கோடு இருந்தா, அது ஆழம். அதை எதுவும் மறைக்காது.

முதல்ல மென்மையான பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. நம்ம ஊர் செம்மண் புழுதி அந்தச் சொரசொரப்புப் பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கும், அதோட தேய்ச்சா புதுக் கீறல் வரும். அப்புறம் ஷாம்பு ரெண்டு சொட்டு விட்ட தண்ணியில மைக்ரோஃபைபர் துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க. நல்லா காயட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா மேல போடுற எதுவும் நிக்காது. கடைசியா தண்ணி அடிப்படையிலான, பளபளக்காத டிரஸ்ஸிங். ஸ்பாஞ்சுல தொட்டு மெல்லிசாத் தடவி, மிச்சத்தைத் துணியால எடுத்துருங்க. நாளாக ஆக வெள்ளை எட்டிப் பார்க்கும், திரும்பப் போட வேண்டியதுதான். ஒரே தடவையில தீருதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பள்ளத்தூர் ஆச்சி:
தேங்காயெண்ணெய்க்கு நான் சாட்சி. எங்க வீட்டுக் காருல போட்டாங்க. மொத நாள் கல்யாண வீடு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் தெருப் புழுதி எல்லாம் அதுல வந்து ஒட்டி, துடைச்சா பசை மாதிரி இழுத்துச்சு. அதைவிட மோசம், காலையில கிழக்கே பார்த்து ஓட்டும்போது டேஷ்போர்டு பளபளப்பு முன் கண்ணாடியில விழுந்து ரோடு தெரியல. ஆத்தங்குடிக் கல்லு சிமெண்டு, மணலு, எண்ணெய் உள்ள இறங்கும். பிளாஸ்டிக்ல எங்க இறங்கும்? அப்பச்சிகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.

செருப்புத் தடத்துக்கு ஒரு வழி சொல்றேன். பிள்ளைங்க பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர். லேசா ஒரே பக்கமாத் தேய்ங்க, உருண்டு வந்துரும். சந்தன நிறத்துல நான் செஞ்சிருக்கேன்.

தேவகோட்டை வாட்டர்வாஷ்:
ஆச்சி சொன்னது சரிதான். ரப்பருக்கும் வரலைன்னா மெலமின் ஸ்பாஞ்ச், வெள்ளையா மேஜிக் ஸ்பாஞ்சுன்னு விப்பாங்களே. ஆனா அது மெல்லிசான உப்புத்தாள் மாதிரி. அழுத்தினா அந்த இடம் மட்டும் பளபளப்பாயிரும். ஸ்டீரியோவைச் சுத்தி வர்ற கண்ணாடி மாதிரி கறுப்புப் பட்டையில மட்டும் அதை வைக்கவே வைக்காதீங்க. பெட்ரோல், தின்னர் எங்கேயும் வேணாம். பித்தளைக் கறை ஒட்டியிருந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியில தொட்டு, முதல்ல கிளவ் பாக்ஸ் உள்பக்கம் ஒரு மூலையில பார்த்துட்டுத் துடைங்க.

புதுவயல் பட்டறை:
ஹீட் கன்னை ஏன் எல்லாரும் ஒதுக்குறீங்க? வெளுத்துப் போன பம்பர் எத்தனையோ கறுப்பாக்கிக் கொடுத்திருக்கேன். சூடு காட்டினா மேல்தோல் இளகி கீறல் மூடிக்கும். கண் முன்னால நடக்கும்.

தேவகோட்டை வாட்டர்வாஷ்:
அண்ணே, பம்பர்ல ஒத்துக்கிறேன், கைப்பழக்கமும் உங்களுக்கு உண்டு. ஆனா பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்கு மேல உருகும், ஹீட் கன் வாயில 300க்கு மேல வரும். டேஷ்போர்டுல இருக்கிற தோல் மாதிரி புள்ளி அச்சு கொஞ்சம் இளகினாலே தட்டையாயிரும். அப்புறம் கீறலுக்குப் பதிலா ஒரு பளபளப்புத் திட்டு, வெயில் பட்டா அதுதான் மொதல்ல கண்ணுல படும். கிளவ் பாக்ஸ் மூடியைக் கழட்டி வெளியில வெச்சு, தூரமா, கையை ஆட்டிக்கிட்டே காட்டுறதுன்னா அது வேற. தம்பி வீட்ல செய்யறதுன்னா தலை காய வைக்கிற டிரையரோட நிக்கட்டும். அதுல பலன் கம்மி, ஆபத்தும் கம்மி.

ஏர்பேக் பக்கம் அதுவும் வேணாம். இங்க 2021 ஏப்ரல்லேர்ந்து புது மாடலுக்கும், அந்த வருஷக் கடைசியோட ஏற்கெனவே ஓடுற மாடலுக்கும் பக்கத்து சீட் ஏர்பேக் கட்டாயம். 2022 காருன்னா அந்த எழுத்துக்குக் கீழே கண்டிப்பா ஒண்ணு இருக்கு. பை வெடிச்சு வெளிய வர, அந்த மூடி குறிப்பிட்ட கோட்டுலதான் கிழியணும். வெளியே ஒண்ணும் தெரியாது, உள்பக்கம் கோடு போட்டு மெல்லிசாக்கியிருப்பாங்க. அங்க சூடு, பள்ளம் அடைக்கிற புட்டி, பெயிண்ட், பசை, வினைல் ஒட்டு எதுவும் கூடாது. கிழியறது தப்பினாலோ, ஒட்டினது சிதறினாலோ, அடி வாங்குறது உக்காந்திருக்கிறவங்க முகம்தான். சோப்புத் தண்ணி, மெல்லிசா டிரஸ்ஸிங், அதோட நிறுத்திக்கங்க. அண்டா பலமா இடிச்சு மூடியில விரிசலோ, விளிம்பு தூக்கலோ தெரிஞ்சா சர்வீஸ் சென்டர்ல காட்டிருங்க.

புதுவயல் பட்டறை:
ஏர்பேக் மேல காட்டச் சொல்லலை, அதுல எனக்கும் சம்மதம்தான். கிளவ் பாக்ஸ் மூடியை மட்டும் கழட்டிக் கொண்டாந்தா பார்த்துத் தர்றேன்.

கோட்டையூரான்:
எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, செருப்புத் தடம் ரப்பருக்கே வந்திருச்சு, ஸ்பாஞ்ச் தேவைப்படலை. ஏர்பேக் பக்கத்துத் தேய்ப்பு சோப்புத் தண்ணியிலயே முக்கால்வாசி போச்சு. அது பித்தளைக் கறைதான் போல, நகம் தடுக்கவே இல்லை. விரிசல் எதுவும் இல்லை. கிளவ் பாக்ஸ் மூடியில இருந்த கோடுங்க டிரஸ்ஸிங் போட்டதும் மறைஞ்சிருச்சு, ஒரே ஒரு கோடு தவிர. அது தண்ணி போட்டாலும் தெரியுது. அதை மட்டும் பெயிண்ட் அடிச்சுக்கலாமா?

தேவகோட்டை வாட்டர்வாஷ்:
அடிக்கலாம், நிக்காது. பாலிபுரொப்பிலீன் மேல சாதாரண பெயிண்டும் பசையும் பிடிக்காது. அதுக்குன்னு தனி பிரைமர் போட்டுத்தான் அடிக்கணும். அப்படி அடிச்சாலும் புள்ளி அச்சு வராது, வழவழன்னு ஒரு கோடு நிக்கும். ஒரு கோட்டுக்காக இவ்வளவு வேலை வேணாம்னு நான் சொல்லுவேன்.

கண்ணை உறுத்துதுன்னா மூடியை மட்டும் தனியா வாங்கலாம். நிறைய மாடல்ல அது தனி உதிரிபாகமாவே கிடைக்கும், முழு டேஷ்போர்டைக் கழட்ட வேண்டியதில்லை. ஆர்டர் சொல்லும்போது சேஸிஸ் நம்பரையும் உள்பக்க நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. ஒரே மாடல்லயே கறுப்பு ரெண்டு மூணு விதமா வரும். பழைய சாமான் கடையில வாங்குறதா இருந்தா வெயில்ல கொண்டு வந்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. கடை டியூப் லைட்டுல எல்லாக் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியும்.

செக்காலை ரோடு:
வெயில்ல நிறுத்தும்போது முன் கண்ணாடிக்குத் தட்டி வெச்சுக்கங்க. சித்திரை வெயிலுக்கு டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், போட்ட டிரஸ்ஸிங் சீக்கிரம் போயிரும். அடுத்த கல்யாணத்துக்கு அண்டாவை மினி லாரியில அனுப்பிருங்க.