கடல் தண்ணீரில் முகப்பரு போகுமா? கன்னத்தில் குறைந்தது, நெற்றியில் ஏறிவிட்டது

கேட்டவர்: கோவைக்காரி

வணக்கம். எனக்கு 26 வயது. கோவையில் வளர்ந்தவள், கடலைப் பார்ப்பதே வருடத்துக்கு ஒரு தடவைதான். வேலைக்குச் சென்னை வந்த பிறகு, பிப்ரவரியிலிருந்து சனி ஞாயிறு காலையில் கோவளம் போய் சர்ஃபிங் கற்றுக்கொள்கிறேன். பலகையில் நிற்கும் நேரத்தைவிட முகம் தண்ணீரில் இருக்கும் நேரம்தான் அதிகம்.

இரண்டு வருடமாக முகப்பரு. கடலில் இறங்கிய முதல் இரண்டு வாரம் கன்னத்துப் பருக்கள் அப்படியே வற்றின. ஆபீஸில் ஒருத்தி என்ன கிரீம் என்று கேட்டாள், கடல் என்றேன். அந்தப் பெருமை ஏப்ரல் வரை நிற்கவில்லை. இப்போது நெற்றியில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டிப் பொடிப்பொடியாக வருகிறது. விரலால் தடவினால் ரவையைத் தடவின மாதிரி இருக்கிறது. கன்னத்தில் பரு இல்லை, ஆனால் சிரித்தால் தோல் இழுக்கிறது. பழைய தழும்புகளும் முன்பைவிடக் கறுத்துவிட்டன.

என் வழக்கம் இதுதான். எட்டு மணிக்கு இறங்கினால் பத்து வரை தண்ணீரில். முடியில் உப்பு ஏறக்கூடாது என்று அம்மா சொன்னபடி தேங்காய் எண்ணெய் நன்றாக வைத்துப் பின்னிக்கொண்டு போவேன். முடிந்ததும் அப்படியே வண்டியில் வீடு. குளிக்க பதினொன்றரை ஆகும், புருவத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். தோல் டாக்டர் கொடுத்தது இரவில் அடாபலீன் ஜெல், தினம் ஒரு டாக்சிசைக்ளின் மாத்திரை.

வீட்டுக்கார அம்மா கடல் உப்பு மருந்து, விடாதே என்கிறார். எனக்கும் விட மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கோவளம் குப்பம்

அக்கா, கடல் தண்ணீரில் பரு போகும் என்றால் எங்கள் குப்பத்தில் ஒரு பையனுக்கும் பரு இருக்கக்கூடாது. பத்தாவது படிக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்து எங்கம்மா "முகமா பலாப்பழமா" என்று கேட்கும். அப்போதும் நான் பாதி நாள் கடலில்தான் கிடந்தேன்.

எட்டு மணி ரொம்ப லேட். நாங்கள் ஐந்தே முக்காலுக்கு இறங்கி ஏழரைக்குக் கரையேறிவிடுவோம். அதற்கப்புறம் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுத் திரும்பியும் அடிக்கும். வகுப்பு நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று. இப்போது தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படி நினைக்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத் தண்ணீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று சுற்றி, நமக்குப் பக்கத்திலிருக்கும் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலில் விழுகிறது. ஊர்ச் சாக்கடையும் கூடவே வரும். பெருமழை விட்டு இரண்டு மூன்று நாளாவது இறங்காதீர்கள், அதுவும் கிள்ளின பருவோடு வேண்டவே வேண்டாம்.

பதில்: மருந்துக்கடை அண்ணன்

பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படி தங்கச்சி.

சலைன் பாட்டில் பார்த்திருப்பாய். அதில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, நம் உடம்புக்கு ஒத்துப்போகும் அளவு. கடலில் சராசரியாக 35 கிராம். அது தோலின் மேல்பக்கத்து ஈரத்தையும் எண்ணெயையும் எடுத்துவிடும். உன் பரு வற்றினது அதனால்தான். ஆனால் பரு உருவாவது மேலே இல்லை. மயிர்க்கால் குழியில் எண்ணெய்ச் சுரப்பி சுரக்கிறது, செத்த செல்கள் வாயை அடைக்கின்றன, உள்ளே கிருமி பெருகுகிறது. சுரப்பியை முடுக்குவது ஹார்மோன். உப்புத் தண்ணீர் அங்கே போய் ஒன்றும் செய்யாது. கூடவே, ஒன்றரை மணி நேரம் முகத்தில் உப்பைக் காயவிட்டு, ராத்திரி அதே தோலில் அடாபலீன் போடுகிறாய். அதுவும் தோலை உலர்த்துகிற மருந்து. இழுக்காமல் என்ன செய்யும்?

எனக்குப் பயம் அந்த மாத்திரைதான். டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சட்டென்று சுடும், தோல் சிவந்து எரியும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எழுதியிருக்கிறது, யார் பிரித்துப் படிக்கிறார்கள்? தழும்பு கறுப்பதற்கும் வெயில்தான் காரணம். நம் நிறத்துத் தோலில் பரு ஆறினால் கறை நிற்கும், வெயில் அதை இன்னும் அழுத்தும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. வாரம் இரண்டு நாள் கடலில் இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல். ஒரு கேனில் நல்ல தண்ணீர் கொண்டுபோய், கரையேறினதும் முகத்தைக் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் போடு. இறங்கும் முன் தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன்.

சாக்கடல் உப்பு என்று யாராவது விற்க வந்தால் அது வேறு கதை. அதில் உப்பு கடலைப்போல் ஒன்பது பத்து மடங்கு, மக்னீசியமும் அதிகம். அதைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கோவளத்துக்குப் பொருத்திப் பார்க்காதே.

பதில்: இரண்டு பிள்ளை அம்மா

எல்லோரும் உப்பையே பேசுகிறீர்கள். பெண் எண்ணெய் வைத்துக்கொண்டு போகிறாள், கவனித்தீர்களா? பரு வந்திருப்பது முடி ஓரத்தில். ஒவ்வொரு அலையும் தலையில் விழுந்து அந்த எண்ணெயை நெற்றிக்குத்தான் இறக்கும். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கும் ரகம். என் பெரியவளுக்கும் இதே ரவைதான், பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் வழியத் தலை வாரிவிட்ட என் கைங்கரியம்.

இறங்கும் முன் முடியை நல்ல தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள். நனைந்த முடி கடல் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. எண்ணெய் வைத்தே தீரவேண்டும் என்றால் பின்னல் நுனிக்கு மட்டும்.

மீண்டும் கோவைக்காரி, ஐந்து வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் சொன்னேன். "கடலா? இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார். மாத்திரை முடியும் தறுவாயில் இருந்ததால் நிறுத்திவிட்டார். ஜெல் சனி ஞாயிறு இரவு வேண்டாம், மற்ற நாள் போடு என்றார். வகுப்பு ஆறு மணிக்கு மாறிவிட்டது, ஐந்து லிட்டர் கேன் வண்டியில் முன்னால் உட்கார்ந்து வருகிறது.

நெற்றியில் ரவை பாதிக்கு மேல் போய்விட்டது. கன்னம் இழுப்பதில்லை. கறை அப்படியேதான் இருக்கிறது, அதற்கு மாதக்கணக்கில் ஆகுமாம். கன்னத்தில் புதிதாக இரண்டு பரு வந்திருக்கிறது, அதை இந்தத் தடவை கடலிடம் விடவில்லை.

எண்ணெயை நிறுத்தினதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு லிட்டர் செக்கெண்ணெய் கூரியரில் அனுப்பியிருக்கிறார். அறையில் கூட இருக்கிறவள் பாலக்காட்டுக்காரி, தினமும் அதில்தான் தாளிக்கிறாள்.