சர்க்கரை குறைய விட்டமின் மாத்திரையா, சாப்பாடா?

நெல்லைக்காரி:
அம்மாவுக்குப் பல வருஷமாக டைப் 2 சர்க்கரை. அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார், சுத்த சைவம். குரோமியம், விட்டமின் டி, பயோட்டின் கலந்த மாத்திரை டப்பா ஒன்றைச் சொந்தக்காரர் வாங்கி வந்து, "சர்க்கரை தானாக இறங்கும்" என்கிறார். கொடுக்கலாமா?

வரப்பு:
வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் வெளியான டி2டி ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் ஒரு பாதிக்கு தினமும் 4,000 யூனிட் விட்டமின் டி கொடுத்தார்கள். நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. சாப்பாட்டின் பலனுக்கு 2017-ல் வந்த பிரிட்டனின் டைரக்ட் ஆய்வைப் பாருங்கள். மருத்துவக் கண்காணிப்பில் கலோரியைக் குறைத்து எடை இறக்கியவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரே வருஷத்தில் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது.

வைகைக்கரை:
வரப்பு அண்ணா, டைரக்டில் சேர்ந்தவர்கள் நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அதை எல்லா அம்மாக்களுக்கும் பொருத்த முடியாது. டி2டி-யில் பெரும்பாலானவர்களுக்கு விட்டமின் டி முதலிலேயே போதுமான அளவு இருந்தது. என் அப்பாவுக்கு ராத்திரியானால் உள்ளங்கால் எரியும், செருப்பு கழன்று போனாலும் தெரியாது. சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றே எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் விட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் போட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். ஊசி போட்டபிறகுதான் எரிச்சல் தணிந்தது. கீரையைக் கூடை கூடையாகத் தின்றாலும் பி12 வராது. அதனால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வரப்பு:
பி12 குறைந்தால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அது குறைபாட்டுக்கு மருந்து, சர்க்கரையை இறக்கும் மருந்தல்ல. இரண்டையும் குழப்பித்தான் இந்த டப்பாக்களை விற்கிறார்கள். குறைபாடு இல்லாதவர்கள் சர்க்கரைக்காக விட்டமினோ குரோமியமோ எடுக்க அமெரிக்க சர்க்கரை நோய்ச் சங்கமும் பரிந்துரைப்பதில்லை. நம் தட்டைப் பாருங்கள். குவியலாகச் சோறு, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், மேலே அப்பளம், எல்லாமே மாவுச்சத்து. சோற்றைப் பாதியாக்கி, அவரைக்காய்ப் பொரியலையும் சுண்டலையும் கூட்டி, அவற்றை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அதை ஒத்துக்கொள்கிறேன். சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி என்றால் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம், அதிலும் மாவுச்சத்துதான். ஆனால் சைவர்கள் மெட்ஃபார்மின் எடுத்தால், டெஸ்டுக்குக் காத்திராமல் பி12-ஐத் தொடங்கிவிடலாம் என்பதுதான் இப்போதும் என் கட்சி.

மருந்தாளுநர்:
அதில் நான் மாறுபடுகிறேன். ஊசியோ மாத்திரையோ தொடங்கிவிட்டால் ரத்தத்தில் பி12 ஏறித்தான் காட்டும், முன்பு குறைந்திருந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நெல்லைக்காரி, முதலில் டாக்டரிடம் சொல்லி பி12 பாருங்கள். அந்த டப்பாவில் உள்ள பயோட்டின், அளவு அதிகமானால் தைராய்டு டெஸ்டில் தப்பான எண்ணைக் காட்டும். அம்மா ஏற்கெனவே அதைப் போட ஆரம்பித்திருந்தால், ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள்.