நட்சத்திரத்தைக் கொஞ்சம் அணைங்க: ஹாம் ரேடியோவில் கிறிஸ்துமஸ் அனுபவங்கள்

களியக்காவிளையிலிருந்து

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பிறரோடு பேசுவது) வைத்திருப்பவன் பாடு திண்டாட்டம்தான். களியக்காவிளையிலிருந்து பாறசாலை வரை வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும், குடிலில் சீரியல் லைட் மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த மலிவு எல்இடி அடாப்டர் ஒவ்வொன்றும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். ரிசீவரைப் போட்டால் கர்ர்ரென்று இரைச்சல்; சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் எஸ்9-இல் போய் ஒட்டிக்கொள்ளும். உலகமெல்லாம் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த இரைச்சலுக்கு அடியில்தான். நமக்கு ஒன்றும் கேட்காது.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு 24-ஆம் தேதி, மாலை ஏழு மணி இருக்கும். நான் பேசும் 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனாவாகப் பத்து மீட்டர் கம்பி போதும். இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி வைத்திருக்கிறேன். இரைச்சலுக்குள் யாரோ 'சிக்யூ, சிக்யூ' (யாராவது பேச வாருங்கள்) என்று கூப்பிடுவது காற்றில் ஊதுபத்தி வாசனை வருவதுபோல வந்து வந்து போனது. நார்வே என்பது மட்டும் பிடிபட்டது. ஊர் பிடிபடவில்லை, பெயரும் பிடிபடவில்லை.

பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "அம்மாச்சி, நட்சத்திரத்தைக் கொஞ்சம் அணைச்சு வைங்க, ஒரு கால் மணி நேரம்" என்றேன். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை, அணைத்துவிட்டார். திரும்பி வந்தால் மீட்டர் எஸ்4-க்கு இறங்கியிருந்தது. கதவைச் சாத்தினால் சந்தைச் சத்தம் அடங்குமே, அந்த மாதிரி.

கூப்பிட்ட நார்வேக்காரர் ட்ரோம்சோ ஊர்க்காரர். 80 வயதைத் தாண்டியவர். அங்கே நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் தலை காட்டுமாம். "இங்கே மத்தியானமே இருட்டு. உன் பக்கம் எப்படி?" என்றார். நான் ஃபேனை அணைத்துவிட்டு (அதுவும் இரைச்சல் போடும்) வேர்வை வழிய உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆளுக்கு ஒரு சிக்னல் ரிப்போர்ட், பெயர், ஊர், 'மெர்ரி கிறிஸ்துமஸ்', 73. ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஹாம் பாஷையில் 73 என்றால் 'நல்வாழ்த்துகள்' என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த எண்ணை அவர் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னார்.

வெளியே வந்தால் அம்மாச்சி வாசலில் நிற்கிறார். முகம் சரியில்லை. நட்சத்திரம் அணைந்திருந்த அந்தக் கால் மணி நேரத்துக்குள்தான் சபைக் கேரல் குழு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. எங்கள் பக்கம் அந்த வருஷம் சாவு நடந்த வீட்டில் நட்சத்திரம் போட மாட்டார்கள். பாட வந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர்ப் பையன்கள். இருட்டாக இருந்த வீட்டைப் பார்த்துத் தப்பாக நினைத்து, சத்தம் போடாமல் கடந்து போய்விட்டார்கள்.

"லேய் மக்கா, ஒனக்க ரேடியோவால எங்க வீட்டுக்குக் கேரல் வராம போச்சே" என்றார். கோபம் பாதி, சிரிப்பு பாதி. தப்பு என்னுடையதுதான். குழுவைத் துரத்திக்கொண்டு மூன்று தெரு ஓடி, கேக்கும் அச்சு முறுக்கும் தருகிறேன் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

சரி, உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து

அண்ணன் கதையைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எனக்கு நட்சத்திரத் தொந்தரவு கிடையாது, மலைத் தொந்தரவு. மேற்கே ஆரியங்காவு மலை நிற்கிறது; ஐரோப்பா வரும் திசையைப் பாதி அதுவே தின்றுவிடும். அதனால் பேச்சை விட்டு, கம்ப்யூட்டர் வழியாக எழுத்தில் செய்தி அனுப்பும் எஃப்டி8-க்கு மாறிவிட்டேன். 2017-இல் வந்த முறை. இயற்பியலில் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து உருவாக்கினது. காதுக்கே கேட்காத சிக்னலைக்கூடக் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிடும். 15 விநாடி நான் அனுப்பினால் அடுத்த 15 விநாடி அவர் அனுப்ப வேண்டும்.

குறை என்னவென்றால், நாமாக எழுதும் செய்திக்கு 13 எழுத்துதான் இடம். பேச்சா அது, தந்தி மாதிரி. ஆனால் ஒரு டிசம்பரில் ஜப்பான்காரர் ஒருவர் வழக்கமான ரிப்போர்ட் எல்லாம் முடிந்தபிறகு தனியாக ஒன்று அனுப்பினார்: 'மெர்ரி எக்ஸ்மஸ் 73'. ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், இடைவெளியோடு சேர்த்து மிகச் சரியாக 13. அவர் எண்ணித்தான் அனுப்பியிருப்பார் என்று தோன்றியது. நானும் அதையே திருப்பி அனுப்பினேன், வேறு எதற்கும் இடம் இல்லையே!

கம்பத்திலிருந்து

நான் சொல்லப்போவதை நீங்கள் ஹாம் கணக்கில் சேர்ப்பீர்களா தெரியாது. சுவீடனில் வார்பெர்க் ஊருக்குப் பக்கத்தில் கிரிமெட்டன் வானொலி நிலையம் இருக்கிறது. 1924-இல் வேலைக்கு வந்தது, 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதில் வால்வும் கிடையாது, டிரான்சிஸ்டரும் கிடையாது. அலெக்சாண்டர்சன் வடிவமைத்த ராட்சத ஜெனரேட்டர் ஒன்று சுழன்று சுழன்றே 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. அந்த அலையின் நீளம் மட்டும் 17 கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து குமுளி போய்ச் சேர்வதற்கு அநேகமாக ஓர் அலை போதும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதை ஓட்டி மோர்ஸ் தந்திக் குறியில் வாழ்த்து அனுப்புவார்கள். உலகம் முழுக்க ஆட்கள் காத்திருந்து கேட்டு, 'கேட்டோம்' என்று அவர்களுக்கு எழுதுவார்கள். என் மாடியில் கட்டிய கம்பிக்கு அது எங்கே வரப்போகிறது? ஐரோப்பாவில் யாரோ இணையத்தில் திறந்து விட்டிருக்கும் ரிசீவரில் போய்த்தான் கேட்டேன். நம் நேரத்துக்கு மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில். மகள் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விசில் அடிப்பது போன்ற ஒரே சுருதி, நிதானமான டிட் டா. எழுதிப் பார்த்தேன், பாதிதான் தேறியது. சோறு ஆறிவிட்டது. அடுத்தவர் ஆன்டெனாவில் கேட்டது சொந்தமாகக் கேட்டது ஆகாது என்பார்கள் மூத்தவர்கள். இருக்கட்டும். எனக்கு அன்றைக்குக் கை நடுங்கியது உண்மை.

குளச்சலிலிருந்து

எல்லோரும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எனக்கு இருக்கிற கிறிஸ்துமஸ் அனுபவம் இது ஒன்றுதான்.

நான் லைசென்ஸ் இல்லாதவன், கேட்பவன் மட்டும். அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஷார்ட்வேவ் ரிசீவர் ஒன்று இருந்தது. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்துக் குழு போர்ட் பிளேரில் இறங்கியிருந்தது. தலைமை பாரதி பிரசாத். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டே பல வருஷம் ஆகியிருந்ததால் உலகமே அந்த ஒரு நிலையத்தைப் பிடிக்க முண்டியடித்தது. 25-ஆம் தேதி கோயில் முடிந்து வந்து ரிசீவரைப் போட்டேன். ஒரு பெண் குரல், எதிரே நூறு ஆண் குரல். இடையிடையே கிறிஸ்துமஸ் வாழ்த்து. தேர்த் திருவிழாவில் தேங்காய் பொறுக்குகிற கூட்டம் மாதிரி இருந்தது. நாளைக் காலையும் கேட்க வேண்டும் என்று அலைவரிசையை ஒரு காலண்டர் தாளில் குறித்து வைத்தேன்.

மறுநாள் காலை 6.29-க்கு சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. எங்களுக்குத் தெரியாது. நான் ரிசீவரைப் போடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று படுத்துக் கிடந்தேன். முற்பகலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ரொம்ப நாள் கழித்துப் பத்திரிகையில்தான் படித்தேன். அந்தமானில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அதே குழுதான் யார் உயிரோடு இருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று தீவிலிருந்து கரைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்ததாம். அப்பாவின் ரிசீவர் தண்ணீரோடு போய்விட்டது, காலண்டர் தாளும் போய்விட்டது.

களியக்காவிளையிலிருந்து, மறுபடியும்

குளச்சல் தம்பிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் வாருங்கள். லைசென்ஸ் பரீட்சைக்கு வேண்டிய புத்தகம் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள்.

கம்பம் நண்பருக்கு: கணக்கில் சேர்ப்போம். கை நடுங்கியது என்றீர்களே, அப்புறம் என்ன.

செங்கோட்டைத் தம்பி, அம்மாச்சி என்ன சொன்னார் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அடுத்த வருஷம் டிசம்பர் முதல் தேதியே வேலிப் பக்கம் வந்து, "இந்த வருசம் எப்பம் அணைக்கணும்?" என்றார். அணைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்இடியைக் கழற்றிவிட்டு, பழைய மாதிரி காகித நட்சத்திரத்துக்குள் ஒரு குண்டு பல்பு மாட்டிக் கொடுத்தேன். குண்டு பல்பு இரைச்சல் போடாது. மார்த்தாண்டத்தில் நாலு கடை ஏறி இறங்கினால்தான் இப்போது ஒன்று கிடைக்கிறது. போன வாரம் இரண்டு வாங்கி வைத்தேன். ஒன்று பையிலேயே உடைந்துவிட்டது.