மறு: ‘கங்காரு வேர்டு’ – தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: மேலூர்

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலச் சொல்விளையாட்டுப் பயிற்சித்தாள் ஒன்று தயாராகிறது. விளக்கம் முழுக்கத் தமிழில். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாலிண்ட்ரோமுக்கு நம்மிடம் மாலைமாற்று இருக்கிறது. அனகிராமுக்கு ‘எழுத்துமாற்று’ என்று போட்டாயிற்று. லிசன், சைலண்ட் இரண்டிலும் அதே ஆறு எழுத்துகள்தாம், நிற்கும் இடம் வேறு என்றால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். கங்காரு வேர்டில்தான் வண்டி நின்றுவிட்டது.

விதி இதுதான்: ஒரு சொல்லுக்குள் அதே பொருளுடைய இன்னொரு சொல், வரிசை மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் ஒட்டி நிற்கக் கூடாது; நடுவே ஓரெழுத்தாவது குறுக்கிட வேண்டும். சாக்லேட்டைப் பிரித்துப் பாருங்கள்: சி, எச், ஓ, சி, ஓ, எல், ஏ, டி, இ. இதில் எச், எல், டி, இ நான்கையும் தட்டிவிட்டால் சி, ஓ, சி, ஓ, ஏ மிஞ்சும். அது கோகோ. மலர் என்னும் பொருளுள்ள பிளாசமுக்குள் புளூம் இருக்கிறது. இறந்துபோன என்னும் பொருளுள்ள டிசீஸ்டுக்குள் டெட். கவனித்துப் பார் என்னும் அப்சர்வுக்குள் வெறும் சீ. வெளியே இருப்பது கங்காரு, உள்ளே இருப்பது அதன் குட்டி ஜோயி.

‘கங்காரு சொல்’ என்றே விட்டுவிடலாமா?

அனுப்புநர்: சிம்மக்கல்

டீச்சர், அப்படி விட்டால் பிள்ளைகள் ஆஸ்திரேலிய ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்வார்கள். எழுத்துகளை வைத்து விளையாடும் நம் சித்திரகவிப் பாட்டுகளில் ‘கரந்துறை செய்யுள்’ என்று ஒரு வகை உண்டு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். அதே வேலையைச் சொல் அளவில் செய்வதுதானே இது? ‘கரந்துறை சொல்’ என்று வையுங்கள். ஆயத்தப் பெயர், காசு செலவில்லை.

அனுப்புநர்: வடக்கு மாசி வீதி

> ‘கரந்துறை சொல்’ என்று வையுங்கள்

பெயர் நல்ல பெயர்தான், ஆனால் யாருக்கு வைக்கிறோம்? கரந்துறை சொல் வினைத்தொகை. கரந்து உறைகிற சொல் என்று விரியும். அப்படியானால் அது ஒளிந்திருக்கும் குட்டி, சுமக்கிற தாய் அன்று. கோகோதான் கரந்துறை சொல். சாக்லேட்டுக்கு வேறு பெயர் வேண்டும். வினைத்தொகை என்பதால் ‘கரந்துறைச்சொல்’ என்று ச் போடுவதும் தவறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ‘கரந்துறை சொல்லில் உள்ள கரந்துறை சொல்லைக் கண்டுபிடி’ என்று வினா எழுத வேண்டிவரும்.

வெளிச்சொல்லுக்கு என் முன்மொழிவு ‘மடிச்சொல்’. வெற்றிலையோ சில்லறையோ மடியில் செருகிக்கொள்வது இந்தப் பக்கம் இன்னும் போகாத பழக்கம். கங்காருவின் பையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘பைச்சொல்’ எனக்கு ஒட்டவில்லை, துணிக்கடைப் பை நினைவுக்கு வருகிறது.

அனுப்புநர்: சிம்மக்கல்

ஐயா, மடிதல் என்றால் சாவதும்தானே. வழக்கொழிந்த சொல் என்று யாராவது எடுத்துக்கொண்டால்?

அனுப்புநர்: வடக்கு மாசி வீதி

அதைத் தடுப்பது அந்த ஒரு ச்தான். மடி என்பது பெயராக நின்றால் மடிச்சொல்: மடியை உடைய சொல். வினையாக நின்றால் மடிசொல்: மடிகிற சொல். மடிக்கணினியில் க் மிகுவதும் இதே முறையில்தான். உங்கள் அச்சகத்தில் அந்த ஒற்றைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

அனுப்புநர்: திருப்பரங்குன்றம்

பெயர் இருக்கட்டும். ‘எழுத்து’ என்று விதியில் சொல்கிறோமே, அது எது? ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது. தமிழ் எடுத்துக்காட்டு கேட்டால் உடனே எழும்.

சொற்பட்டியலைக் கணினி நிரலில் ஓட்டிப் பார்த்தால் முதல் கோளாறு இது. யூனிகோடில் ‘பகல்’ நான்கு குறிகள்: ப, க, ல, அதன்மேல் ஒரு புள்ளி. ‘பகலவன்’ என்பது ப, க, ல, வ, ன, புள்ளி. குறி குறியாக ஒப்பிடும் நிரல் ப, க, ல மூன்றையும் எடுத்துவிட்டு, கடைசி ன்-இன் புள்ளியைத் திருடி ல-வின் தலையில் வைத்து ‘பகல் கிடைத்தது’ என்கிறது. பகலுக்குச் சூரியன் என்ற பொருளும் இருப்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் பகலவனில் ல் என்ற எழுத்தே இல்லை.

ஆகவே முதலில் சொல்லை எழுத்துகளாக வெட்ட வேண்டும். பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகம் அதைச் செய்கிறது. வெட்டியபின் ‘மன்னவன்’ ஐந்து எழுத்து: ம, ன், ன, வ, ன். வ-வைத் தாண்டினால் மன்னன். அப்பழுக்கில்லாத மடிச்சொல்! வையகத்தில் வையமும், வானகத்தில் வானமும், மருமகனில் மருகனும் இப்படியே கிடைக்கின்றன.

அடுத்து, கொ, கோ, கௌ. பழைய கோப்புகளில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கும், புதியவற்றில் ஒரே குறி. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஒப்பீட்டில் பொருந்தாது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ‘கௌ’வுக்குப் பதில் கெ-யும் ள-வும் தட்டியிருந்தால் எந்த வடிவமாற்றமும் காப்பாற்றாது, கையால்தான் திருத்த வேண்டும்.

அனுப்புநர்: மேலூர்

எழுத்தாக வெட்டாமல் ஒலியாக வெட்டினால் இன்னும் நிறையக் கிடைக்குமே? மணவாளனுக்குள் மணாளன் இருப்பது காதுக்கே தெரிகிறது.

அனுப்புநர்: திருப்பரங்குன்றம்

கிடைக்கும். ம், அ, ண், அ, வ், ஆ, ள், அ, ன் என்று பிரித்தால் நடுவில் உள்ள அ, வ் இரண்டையும் விட்டு மணாளனை எடுக்கலாம். எழுத்துக்கணக்கில் ணா இல்லாததால் விழுந்துவிடும். ஒலிக்கணக்கில் எதிர்ப்பொருள் வகைதான் சுவை. ஆங்கிலத்தில் விருந்து என்னும் ஃபீஸ்டுக்குள் பட்டினி என்னும் ஃபாஸ்ட் இருப்பதுபோல, ஃபிரெண்டுக்குள் ஃபீண்ட், அதாவது கொடியவன், இருப்பதுபோல. நம்மிடம் பிறப்புக்குள் இறப்பு, துறவுக்குள் உறவு. முதல் மெய்யை மட்டும் கழற்றினால் போதும். ஆனால் உள்ளே இருப்பது ஒட்டியே நிற்கிறது, டீச்சர் சொன்ன இடைவெளி விதிக்கு உட்படாது.

அனுப்புநர்: வடக்கு மாசி வீதி

ஒலிக்கணக்கு வேண்டாம் என்பதற்கு நம் மரபே சான்று. சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்ற அடியைக் கடைசியிலிருந்து கா, ணா, கா, மா, கா, ழீ, யா என்று உயிர்மெய் உயிர்மெய்யாக எடுத்தால்தான் அடுத்த அடி வருகிறது. ஒலியாக உடைத்துத் திருப்பினால் ஆ, க், ஆ, ண் என்று வாயில் நுழையாத ஒன்றுதான் வரும். பிறப்பு, இறப்பு வகைக்குத் தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம், இதோடு கலக்க வேண்டாம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் கண்டிப்பானவர்கள் இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றாக இருக்கக் கூடாது என்பார்கள். ஆணுக்குரிய என்னும் மாஸ்குலினுக்குள் ஆண் என்னும் ‘மேல்’ இருப்பது எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு. இரண்டும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. டிசீஸ்டு லத்தீன் வழி, டெட் ஜெர்மானிய வழி, அது தேறும். அந்த விதியைத் தமிழுக்குப் போட்டால் மன்னவன் முதல் மருமகன் வரை மேலே சொன்ன நான்கும் அடிபட்டுப் போகும். ஒட்டுச் சேர்ந்து வளரும் மொழியில் அது நியாயமான விதி இல்லை. விட்டுவிடுங்கள்.

அனுப்புநர்: சிம்மக்கல்

மன்னவனுக்குள் மன்னன், மன்னனுக்குள் அரசனைக் குறிக்கும் மன். இதைப் ‘பேரக்குட்டி’ என்று போடலாமா? கண்டெய்னருக்குள் கேன், டின் இரண்டும் இருப்பது ‘இரட்டைக்குட்டி’.

அனுப்புநர்: திருப்பரங்குன்றம்

இரட்டைக்குட்டி சரி. மன் தேறாது. முதல் ம-வும் கடைசி ன்-உம் எடுத்தால் இடைவெளி இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு எழுத்தே ஒட்டி நின்று மன் ஆகிவிடுகிறது. ஒட்டி நிற்கும் வழி ஒன்று இருந்தாலே தள்ளிவிட வேண்டும். நிரலில் இந்தச் சோதனையை முதலில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மல்லிகைக்குள் மல்லி என்றெல்லாம் வந்து பட்டியல் ஊதிவிடும்.

அனுப்புநர்: மேலூர்

சரி, தாளில் இப்படிப் போகிறது: வெளியே இருப்பது மடிச்சொல், உள்ளே இருப்பது கரந்துறை சொல், வகுப்பில் பேசும்போது குட்டிச்சொல், எதிர்ப்பொருள் வந்தால் எதிர்மடிச்சொல். ஆங்கிலப் பகுதியில் எட்டுச் சொற்கள், தமிழ்ப் பகுதியில் மன்னவன், வையகம், வானகம், மருமகன். மருகனுக்கு மட்டும் அடியில் பொருள் தர வேண்டும், பிள்ளைகள் முருகனை ‘மால் மருகன்’ என்று பாட்டில் கேட்டதோடு சரி.

அனுப்புநர்: சிம்மக்கல்

மெய்ப்பு வியாழனுக்குள் அனுப்புங்கள். இரண்டு பத்தி அமைப்பு என்றால் ‘கரந்துறை சொல்’ வரி ஓரத்தில் உடைந்து ‘சொல்’ மட்டும் கீழே தனியாக விழும். நடுவே உடையா இடைவெளி போட்டு அனுப்பினால் இங்கே வேலை மிச்சம்.