போன வருடம் செய்த உப்பு மாவு பொம்மைகள் நமத்துப் போய்விட்டன, இந்த முறை என்ன செய்யலாம்?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். போன டிசம்பரில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மைதாவும் உப்பும் பிசைந்த உப்பு மாவில் 40 உருவங்கள் செய்தோம். நட்சத்திரம், மணி, குடிலுக்கு ஆட்டுக்குட்டி, சம்மனசு (தேவதூதர்) என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. வண்ணம் அடித்து, மேலே வார்னிஷ் பூசி கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டியபோது அவ்வளவு அழகு. நேற்று பெட்டியைத் திறந்தால் பாதி நமத்துப் போயிருக்கிறது, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஒரு சம்மனசைத் தூக்கினேன், நூல் மட்டும் கையோடு வந்தது, சம்மனசு பெட்டியிலேயே நின்றுவிட்டது. ஆட்டுக்குட்டியின் வயிற்றில் பூசணம் வேறு. சின்னவள் ஒரே அழுகை.

எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம், சின்னவளுக்கு 6 வயது, 15 நிமிடத்துக்கு மேல் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். பெரியவனுக்கு 10, எதைக் காட்டினாலும் "இது குழந்தைகள் செய்வது" என்கிறான். இரண்டு பேருக்கும் ஆகிற மாதிரி ஏதாவது உண்டா? ஓவன் இருக்கிறது. ஜிகினாத் தூள் மட்டும் தயவுசெய்து வேண்டாம், போன வருடம் கொட்டியது இன்னும் சோபா இடுக்கில் மின்னிக்கொண்டிருக்கிறது.

மாவுக்கை:
"மேலே வார்னிஷ் பூசி" என்று எழுதியிருக்கிறீர்களே, பின்பக்கம் பூசினீர்களா? அங்கேதான் சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் முதல் வருடம் முகத்துக்கு மட்டும் அடித்துவிட்டு முதுகை அப்படியே விட்டவள்தான். உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் டப்பாவில் இருக்கிற உப்பே கசிய ஆரம்பித்துவிடும், அப்படியிருக்க 2 கப் மைதாவுக்கு 1 கப் உப்பு போட்டுப் பிசைந்த உருவம் மட்டும் எப்படித் தாங்கும்?

நான் செய்வது இப்படி. 2 கப் மைதா, 1 கப் பொடி உப்பு, தண்ணீர் முக்கால் கப்பில் ஆரம்பித்துக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. கல் உப்பு போட்டால் மேல்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராகத் தேய்த்து வெட்டி, நூல் கோர்க்கும் ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் போட்டுவிடுங்கள். ஓவனில் 100 டிகிரி செல்சியஸ், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் இரண்டு முறை திருப்பிப் போட வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை ஏற்றினால் மேல்பக்கம் இறுகிக்கொண்டு உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் பூரி மாதிரி உப்பிவிடும், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஆனதா இல்லையா என்று பார்க்க, பின்பக்கத்தின் நடுவில் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தது தரையில் தட்டினால் ஓடு மாதிரி டக்கென்று சத்தம் கொடுக்கும்.

வெந்த பிறகும் இரண்டு நாள் சும்மா காற்றாட விட்டுத்தான் வண்ணம் அடிப்பேன். வார்னிஷ் முன்னும் பின்னும், ஓரத்திலும், இரண்டு கோட். அந்த நூல் ஓட்டையின் உள்சுவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள், பல்குத்தும் குச்சியில் வார்னிஷைத் தொட்டு அதற்குள் ஒரு சுற்று சுற்றுங்கள். உங்கள் சம்மனசு நூலை விட்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். எடுத்து வைக்கும்போது மூடி இறுக்கமான தகர டப்பா, உள்ளே செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

நமத்ததை மட்டும் கம்பி வலை மேல் பரப்பி மின்விசிறிக்கு அடியில் சில நாள் விட்டுப் பாருங்கள். வார்னிஷ் பூசியதை மறுபடி ஓவனில் வைக்காதீர்கள். பூசணம் பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், துடைத்து வைத்தாலும் திரும்ப வரும்.

கதவுமணி:
ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் நாய் இருந்தால் உப்பு மாவு உருவங்களை மரத்தின் கீழ்க்கிளையில் மாட்டாதீர்கள். அதிலிருக்கும் உப்பின் அளவு நாய்க்கு விஷம், உயிருக்கே ஆபத்து. பிசைந்து வைத்த மாவும் அப்படித்தான், எட்டாத இடத்தில் வையுங்கள்.

மடிப்புக்காரன்:
மாவு விஷயம் மாவுக்கை சொல்லிவிட்டார், நான் காகிதக் கட்சி. உங்கள் பெரியவனுக்கு ஃப்ரோபெல் நட்சத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள், அதற்கப்புறம் குழந்தைத்தனம் என்ற பேச்சே வராது. கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் கொடுத்த ஜெர்மானியர் ஃப்ரோபெலின் பெயரில் வழங்குவது. நாலே நாலு காகிதப் பட்டைகள், பசை கிடையாது. பட்டையின் நீளம் அகலத்தைப் போல 25 முதல் 30 மடங்கு இருக்க வேண்டும், அதனால் ஏ4 தாளை நீளவாக்கில் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் கணக்கு தானாகவே சரியாக வந்துவிடும். நாலையும் பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று பாய் முடைகிற மாதிரி கோர்த்தால் நடுவில் சதுரம் விழும், அதிலிருந்துதான் எல்லா முனையும் கிளம்பும். தட்டை முனை 8, கூம்பு முனை 8. முதல் நட்சத்திரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், பத்தாவதுக்குப் பத்து நிமிடம் போதும்.

அதையும் ஊதித் தள்ளிவிட்டால் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் இருக்கிறது. அடிப்பாகம் சதுரமான காகிதக் கூம்பு 17, அடிப்பாகம் முக்கோணமான கூம்பு 8, மொத்தம் 25. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரின் விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடமாகச் செய்யத் தொடங்கியது அது, அதனால் கணக்கு பிடிக்கிற பையனுக்குக் கொண்டாட்டம்தான். உள்ளே விளக்கு வைத்தால் எல்இடி மட்டும் வையுங்கள், பழைய குண்டு பல்பின் சூடு காகிதத்துக்கு ஆகாது.

சின்னவளுக்குக் காகிதத்தை மடித்து வெட்டுகிற பனிப்பூ போதும். மடிக்கும் வேலையை நீங்கள் செய்து கொடுங்கள், ஆனால் எல்லாரும் செய்கிற மாதிரி பாதி, பாதி, பாதி என்று மடிக்காதீர்கள், அப்படிச் செய்தால் நாலு கையோ எட்டுக் கையோதான் வரும். பனிப்படிகத்துக்கு ஆறு. பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்து, மறுபடி பாதி. அப்புறம் கத்தரியை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கதவுமணி:
கம்பளி நூல் குஞ்சமும் சின்னவளுக்குச் சரிப்படும். முள்கரண்டியில் 50 சுற்று சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டினால் ஒரு உருண்டை. ஜிகினா வேண்டாம் என்றதற்கு என் ஓட்டும் உண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனைக்குக் கட்டுப்பாடே கொண்டுவந்துவிட்டது.

நூல்கண்டு:
மாவுக்கை அக்கா, பிடித்துவிட்டீர்கள், பின்பக்கம் பூசவே இல்லை. ஓட்டைக்குள் பூச வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்! 11 உருவங்கள் தேறின, ஆட்டுக்குட்டியைச் சின்னவள் பார்க்காத நேரத்தில் போட்டுவிட்டேன்.

பெரியவன் நேற்று ராத்திரி ஃப்ரோபெல் நட்சத்திரத்தோடு உட்கார்ந்து, தட்டை முனை எட்டையும் முடித்துவிட்டான். கூம்பு முனைதான் வரவில்லை, பட்டை உள்ளே நுழையாமல் கசங்கிக் கசங்கிக் கிழிகிறது. மூன்று போயாயிற்று, இப்போது காகிதத்தின் மேலேயே கோபமாக இருக்கிறான்.

மடிப்புக்காரன்:
எல்லாருக்கும் சிக்குகிற இடம் அதுதான், கோபம் நியாயம். பட்டையின் நுனியைச் சாய்வாக, பென்சில் சீவின மாதிரி வெட்டச் சொல்லுங்கள், முனை மொட்டையாக இருந்தால் அது உள்ளே போகவே போகாது. கூம்புக்கு வளைக்கும்போது மடிப்பு விழ விடக்கூடாது, வளையம் வளையமாகவே இருக்கட்டும். நுனி சதுரத்துக்கு அடியில் நுழைந்து தட்டை முனையின் வாய் வழியாக எட்டிப் பார்க்கும், அப்போது பிடித்து மெதுவாக இழுத்தால் கூம்பு எழுந்து நிற்கும். நடுச் சதுரத்தை முதலில் ரொம்ப இறுக்கியிருந்தாலும் நுழையாது, கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பார்க்கட்டும்.

நூல்கண்டு:
நுனியைச் சீவினதும் பட்டை உள்ளே போய்விட்டது! 16 முனையும் வந்துவிட்டது, ஒரு கூம்பு மட்டும் கொஞ்சம் கோணல். அதைச் சரி செய்யட்டுமா என்று கேட்டேன், கையை வைக்காதே அம்மா என்கிறான். சாப்பாட்டு மேசையில் இப்போது தட்டு வைக்க இடமில்லை, அத்தனையும் 1 சென்டிமீட்டர் பட்டைகள்.