ஹாம்பர்கிலிருந்து வியன்னா: மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இரவு ரயிலா, விமானமா?

தாமிரபரணி (ஹாம்பர்க்)

ஈஸ்டர் விடுமுறைக்கு வியன்னா போவதாக முடிவாகிவிட்டது. எதில் போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஐந்து பேர்: நான், கணவர், மகள் (7), மகன் (இரண்டு முடிந்துவிட்டது), ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் (68). அத்தைக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது.

ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாமே, விமானம்தான் என்பது கணவர் கட்சி. மகளுக்கு ரயிலில் படுத்துக்கொண்டு போக வேண்டும். அத்தை நாற்பது வருஷமாக நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்வந்தவர். "ராத்திரி ஏறினா காலைல இறங்கணும்" என்று பேத்தி பக்கம் சாய்ந்துவிட்டார்.

நைட்ஜெட் என்கிற இரவு ரயிலில் நாலு படுக்கை உள்ள ஓர் அறையை முழுசாக எடுத்தால், பெட்டிக் கட்டணம் சேர்த்த விமான டிக்கெட்டைவிட அறுபது யூரோ கூட வருகிறது. பணம் பெரிய விஷயமில்லை. யாராவது தூங்குவார்களா? பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்

விமானம். வண்டி ஆட்டத்தில் நீங்கள் தூங்க மாட்டீர்கள், மறுநாள் முழுக்கக் கொட்டாவிதான். அரண்மனை பார்க்கப் போய் பெஞ்சில் தூங்கிய அனுபவம் உண்டு.

கிழக்குத்தெரு (ஹாம்பர்க், ஒன்பது வருஷமாக)

இதே ஊருக்கு அம்மா, இரண்டு பிள்ளைகளோடு விமானத்தில் ஒரு முறை, ரயிலில் இரண்டு முறை போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கு. எங்கள் விமானம் காலை பத்துக்கு. ஆறரைக்கே வீட்டைப் பூட்டினோம். எஸ்1 நகர ரயில் ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் இரண்டாகப் பிரியும், முன்னால் இருக்கும் மூன்று பெட்டிகள்தான் விமான நிலையம் போகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் பின்னால் ஏறிவிட்டு, தள்ளுவண்டியோடு நடைமேடையில் ஓடினோம். பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் மாவடு பாட்டில் போயிற்று. உப்புத் தண்ணீரும் திரவம்தானே என்று அந்தப் பெண் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. வியன்னாவில் பெட்டிக்குக் காத்திருந்து, அங்கிருந்து ரயில் பிடித்து, விடுதிக்குள் நுழையும்போது மணி இரண்டு. ஏழரை மணி நேரம். ஒருவரும் காலை நீட்டவில்லை.

ரயிலில் இரவு எட்டு மணி வாக்கில் ஏறினோம். புளியோதரையும் வடகமும் ஹனோவர் வருவதற்குள் காலி. 2023 டிசம்பரில் புதிய நைட்ஜெட் பெட்டிகளை முதன்முதலாக விட்ட தடங்களில் இதுவும் ஒன்று. நம்மூர் மாதிரித் திரை இல்லை, அறைக்குக் கதவு. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். கீழே இரண்டு படுக்கை, மேலே இரண்டு. கீழே ஒன்றில் அத்தை, இன்னொன்றில் சின்னவனோடு நீங்கள். ஆறு வயதுக்குள் இருப்பதால் உங்கள் படுக்கையிலேயே படுத்தால் அவனுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். விமானத்தில் இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும்.

தூக்கம்? பிள்ளைகள் ஏழு மணி நேரம், அம்மா ஆறு, நான் நாலு. நள்ளிரவில் நியூரெம்பெர்கில் வண்டியைப் பிரித்துக் கோப்பார்கள், ஒரு பகுதி இன்ஸ்புருக் போகும். ஏறும்போதே பெட்டி எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடிப்பில் விழித்த என் மனைவி, பாதித் தூக்கத்தில் "விழுப்புரமா?" என்று கேட்டாள்.

ஒரே தொல்லை கழிப்பறை. இந்த வகை அறைக்குள் கிடையாது, நடைபாதையில் போக வேண்டும். அம்மா எழுந்தபோதெல்லாம் நானும் எழுந்தேன். உங்கள் வீட்டில் அந்த வேலையை யார் பார்ப்பது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை உள்ளேயே இருக்கும் தூங்கும் அறைகளும் உண்டு, ஆனால் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும், விலை எகிறும்.

காலையில் பன், வெண்ணெய், ஜாம், காப்பி கொடுத்தார்கள். சின்னவளுக்குப் பால் கலக்க வெந்நீர் கேட்டேன், பெட்டி ஊழியர் முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

இதையெல்லாம்விட முக்கியமானது, ஒன்பது மணிக்கு மேல் வியன்னாவில் இறங்கிவிடுவீர்கள், விடுதி அறையோ மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். சாமான்களை விடுதியில் போட்டுவிட்டு பெல்வெடேர் அரண்மனைத் தோட்டத்துக்குப் போனோம். ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து (வண்டி வந்து நிற்கும் தலைமை ரயில் நிலையம்) பத்து நிமிட நடைதான். பிள்ளைகள் ஓடினார்கள், அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். குளிக்காமல் அரண்மனைக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் கணக்கில் சேருங்கள்.

திரும்பும்போது எல்லை ஊரான பாசாவ் பக்கம் ஜெர்மன் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு. இரவு பதினொன்று இருக்கும், அம்மாவின் பாஸ்போர்ட் சீட்டுக்கு அடியில், பெட்டிக்குள், புடவைகளுக்கு நடுவில். கையில் வைத்திருங்கள்.

இப்போது கேட்டால், போகும்போது ரயில், வரும்போது விமானம் என்பேன். அரைத் தூக்கத்தை விடுமுறையின் முதல் நாள் தாங்கும், திங்கட்கிழமை ஆபீஸ் தாங்காது.

வின்டர்தூர் அண்ணா

தங்கச்சி, நான் சூரிச்சிலிருந்து ஹாம்பர்கில் இருக்கிற அக்கா வீட்டுக்கு இரவு ரயிலில் தான் போறனான். பிள்ளைகள் வடிவாக நித்திரை கொள்வார்கள். ஆனால் ஒரு கதையும் சொல்ல வேண்டும். வேறொரு தடத்தில், கொம்பனிப் பெயர் வேண்டாம், எங்கட படுக்கைப் பெட்டி வரவேயில்லை. பழுதாம். மூன்று பிள்ளைகளோடு இருக்கைப் பெட்டியில் விடியும்வரை குந்தியிருந்தோம்.

ரயில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் டிக்கெட் காசில் பாதி கேட்கலாம். விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தினால், பிழை அவர்களுடையது என்றால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 250 யூரோ. அதனால் போய் இறங்குகிற அன்றைக்குக் கலியாணம், கச்சேரி என்று ஒன்றும் வைக்காதேங்கோ.

தாமிரபரணி (ஹாம்பர்க்)

எல்லோருக்கும் நன்றி. போக ரயில், வர விமானம் என்று பதிவு செய்துவிட்டோம். இரவில் அத்தைக்குத் துணையாக எழுந்திருப்பவர் கணவர், எழுதி வாங்கிவிட்டேன். மாவடு ரயிலில் வரும், திரும்புவதற்குள் தீர்த்துவிட வேண்டும். அத்தைக்கு எல்லாம் திருப்தி. காப்பிக்காரன் எந்த ஸ்டேஷனில் ஏறுவான் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.