பெரியப்பாவோட பழைய போட்டோ, எந்த ஊருன்னு கண்டுபிடிக்க முடியுமா?

அலமாரிப்பூனை:
பெரியப்பா சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருந்தவரு, இப்ப உயிரோட இல்ல. அவரோட ஆல்பத்துல ஒரே ஒரு கலர் போட்டோ மட்டும் எந்த ஊருன்னு வீட்ல யாருக்கும் தெரியல, பின்னாடி தேதி கூட எழுதி வைக்கல மனுஷன். கூகுள் லென்ஸ்ல போட்டா லிஸ்பன்ங்குது, கொஞ்சம் க்ராப் பண்ணி போட்டா ரியோங்குது. வெளிய போட வேணாம்னு பெரியம்மா சொல்லிட்டாங்க, அதனால படத்துல என்ன இருக்குன்னு சொல்றேன்.

தரை பூரா கருப்பு வெள்ளை கல்லு பதிச்சு அலை அலையா டிசைன், அது மேல நிக்கறாரு. பக்கத்துல பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ப்ளேட் சாம்பல் கலர், மூணு எழுத்து நாலு நம்பர், அதுக்கு மேல பொடி எழுத்துல ஏதோ இருக்கு, படிக்க முடியல. ஓரமா எட்டு மூலை சிவப்பு போர்டு, அதுல பி, ஏ, ஆர் வரைக்கும் தெரியுது, மீதிய மரக்கிளை மறைக்குது. முட்டைய பாதியா வெட்டி மாட்டுன மாதிரி ஒரு போன் பூத். தோளுக்குப் பின்னாடி ஏதோ சிலை, அதுல கப்பலோட முன்பக்கம் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு. அதனால துறைமுகம் பக்கத்துலன்னு நினைக்கிறேன், ஆனா கடல் எங்கயும் தெரியல.

மேப்புப்பைத்தியம்:
சூப்பர், இவ்ளோ தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்க. எழுத்து நேரா படிக்க வருதுன்னா நெகட்டிவ திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுக்கலன்னு அர்த்தம், அந்த சந்தேகம் போச்சு. (எழுத்தே இல்லாத படம்னா சட்டை பாக்கெட் எந்தப் பக்கம்னு பாக்கணும்.)

லென்ஸ் அந்த அலைய பார்த்துதான் குழம்புது. அது போர்ச்சுகீசிய கல்தரை, லிஸ்பன்ல ரோசியோ சதுக்கத்துல இருக்கு, ரியோல கோபகபானா பீச் ஓரமா இருக்கு, மக்காவ்ல கூட இருக்கு. அதனால அத ஓரமா வச்சுட்டு அந்த சிவப்பு போர்ட பாருங்க. போர்ச்சுகல்ல ஸ்டாப்னுதான் எழுதியிருப்பாங்க, பிரேசில்லதான் "பாரே", நில்லுன்னு அர்த்தம். லிஸ்பன் அவுட். தென் அமெரிக்காவுல ஸ்பானிஷ் பேசற நாடுகள்லயும் பாரேதான், ஆனா சாம்பல் ப்ளேட்ல மூணு எழுத்து நாலு நம்பர்னா அது 1990ல பிரேசில்ல கொண்டு வந்த முறை. ஆக நாடும் தெரிஞ்சுது, 1990க்கு அப்புறம் எடுத்ததுன்னும் தெரிஞ்சுது.

டீக்கடைபெஞ்சு:
அந்த முட்டை பூத்துக்கு ஒரேல்யோன்னு பேரு, பெரிய காதுன்னு அர்த்தம். சூ மிங் சில்வேராங்கற பெண் ஆர்க்கிடெக்ட், ஷாங்காய்ல பொறந்தவங்க, அவங்க டிசைன் பண்ணது, 1972ல ரோட்டுக்கு வந்துச்சு. கதவே இல்லாம அந்த வளைவே வெளிச் சத்தத்த குறைக்கும். வேற நாடுகளுக்கும் போயிருக்கு, அதனால அத மட்டும் வச்சு சொல்ல முடியாது, ஆனா மத்ததோட சேர்த்தா பிரேசில் கன்ஃபர்ம். அலை தரை வேற இருக்கு, கப்பல்காரரு வேற, கோபகபானாதான், சந்தேகமே வேணாம்.

ஒத்தையடிப்பாதை:
எனக்கு சந்தேகம் இருக்கு பாஸ். கோபகபானால அந்த அலை மேல நின்னு போட்டோ எடுக்கறவன் கடலையோ மணலையோ ஒரு ஓரத்துலயாவது விடாமலா எடுப்பான்? அலமாரிப்பூனை சொன்னதுலயே பெரிய க்ளூ அந்த சிலைதான், அத யாருமே கண்டுக்கல. பிரேசில்லயே மனாஸ்ங்கற ஊர்ல சாவோ செபாஸ்டியாவோ சதுக்கம்னு ஒண்ணு இருக்கு, 1896ல திறந்த அமேசான் தியேட்டருக்கு எதிர்ல. அங்கயும் இதே அலை தரை. நடுவுல 1900ல வச்ச நினைவுச்சின்னம், அமேசான் துறைமுகங்கள வெளிநாட்டு வணிகத்துக்கு திறந்து விட்டதுக்காக கட்டுனது, அதுல நாலு பக்கமும் நாலு கப்பலோட முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியான்னு ஒவ்வொரு கண்டத்துக்கு ஒண்ணு.

டீக்கடைபெஞ்சு:
மனாஸ் காட்டுக்குள்ள இருக்கற ஊரு ப்ரோ, கடல்ல போற கப்பலுக்கு அங்க என்ன வேலை 😄

ஒத்தையடிப்பாதை:
அதான் நல்ல கேள்வி. கடல்ல இருந்து 1,500 கிலோமீட்டர் உள்ள இருந்தாலும் கடல் கப்பலே அமேசான் வழியா நேரா மனாஸ் வரைக்கும் போகும், ஆத்துல அவ்ளோ ஆழம். அதனால கப்பல்காரருங்கறது ரியோவுக்கு மட்டும் சாதகம் இல்ல.

நிழல வச்சு பாக்கலாமான்னு யாராவது கேப்பீங்க, அதுக்கும் சொல்லிடறேன். மனாஸ் பூமத்திய ரேகைக்கு மூணு டிகிரி தெற்க, அங்க உச்சி வெயில்ல நிழல் நம்ம உயரத்துல பாதிக்கு மேல போகாது. ரியோல ஜூன் மாசம் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கே விழும், ஆனா டிசம்பர்ல அங்கயும் குட்டைதான். எத்தனை மணிக்கு எடுத்ததுன்னே தெரியாம அதுல இறங்கறது வீண்.

ப்ளேட்டுக்கு மேல இருக்கற அந்த பொடி எழுத்துதான் இனிமே முக்கியம். அதுல மாநிலத்துக்கு ரெண்டு எழுத்து, அப்புறம் ஊர் பேரு இருக்கும். ஆர் ஜேன்னா ரியோ, ஏ எம்னா அமேசோனாஸ். ஒரிஜினல் பிரிண்ட்ட 1200 டிபிஐல திரும்ப ஸ்கேன் பண்ணுங்க.

அலமாரிப்பூனை:
அய்யோ, அந்த சதுக்கத்தோட படத்த இப்ப தேடிப் பார்த்தேன், கப்பல் முன்பக்கம் அப்படியே இருக்கு! நாளைக்கு ஸ்கேன் பண்றேன். இல்லன்னா எழுத்த ஏஐ ஆப்ல போட்டு தெளிவாக்கிப் பாக்கட்டா?

மேப்புப்பைத்தியம்:
அத மட்டும் பண்ணாதீங்க. ஏஐ இல்லாத எழுத்த கூட அழகா வரைஞ்சு குடுத்துடும், நீங்களும் நம்பிடுவீங்க. காண்ட்ராஸ்ட்ட மட்டும் கூட்டிப் பாருங்க, போதும். அப்புறம் பெரியப்பாவோட சிடிசி புக் (கப்பல்ல வேலை பாக்கறவங்களோட பதிவுப் புத்தகம்) வீட்ல எங்கயாவது கிடக்கும், அதுல எந்தக் கப்பல்ல எந்த தேதி ஏறுனாரு எப்ப இறங்குனாருன்னு இருக்கும். கப்பல் பேரு கிடைச்சா இங்க போடுங்க, அந்தக் கப்பல் அமேசான் பக்கம் போய் வந்துச்சான்னு பழைய துறைமுக ரெக்கார்டுல தேடலாம்.